ஹைட்ரஜன் என்ற பெயரை மட்டும் பார்த்து சீட் எடுக்காதீர்கள், அண்ணாச்சி

அண்ணாச்சிக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்குப் பிளஸ் டூவில் நல்ல மார்க் வந்திருக்கிறது, சந்தோஷம். கவுன்சலிங் தொடங்குவதற்குள் ஒரு ஏஜென்ட் வீடு தேடி வந்திருக்கிறார். "ஹைட்ரஜன் எனர்ஜி" என்று பெயர் போட்ட நாலு வருடப் படிப்பு, மேனேஜ்மென்ட் சீட், படித்து முடிப்பதற்குள் ஊருக்கு ஊர் ஹைட்ரஜன் பங்க் வந்துவிடும், வேலை நிச்சயம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உப்பளத்தில் வெயிலில் நின்று சேர்த்த பணத்தை அதில் கட்டலாமா என்று கேட்கிறீர்கள்.

கட்ட வேண்டாம். துறை நல்ல துறைதான், அந்தப் படிப்புதான் வேண்டாம்.

அந்த பங்க்கில் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காற்றாலையிலோ சோலாரிலோ வரும் கரண்டைத் தண்ணீருக்குள் செலுத்தினால் ஹைட்ரஜன் ஒரு பக்கமும் ஆக்ஸிஜன் மறு பக்கமுமாகப் பிரியும். பிரிக்கும் கருவிக்கு எலக்ட்ரோலைசர் என்று பெயர். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் சுத்தமான தண்ணீர் பிரிய வேண்டும், 50 முதல் 55 யூனிட் கரண்ட் செலவாகும். கிடைத்த வாயுவை உலர்த்திச் சுத்தம் செய்து, கம்ப்ரஸரில் அழுத்தி, பஸ்ஸுக்கு 350 பார், காருக்கு 700 பார் அழுத்தத்தில் நிரப்புவார்கள். லாரி டயரில் அடிக்கிற காற்று எட்டு பார்தான் என்பதை வைத்து இதை யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு இது ஒன்றும் அந்நியமான வித்தையும் இல்லை. பக்கத்துச் சாகுபுரத்துக் காஸ்டிக் சோடா ஆலையில் உப்புக் கரைசலுக்குள் கரண்ட் விடும்போது குளோரினோடு ஹைட்ரஜனும் வருகிறதே, அதே மின்வேதியியல்தான் இதுவும்.

இனி ஏஜென்ட் சொன்ன "ஊருக்கு ஊர் பங்க்" கணக்குக்கு வருவோம். மத்திய அரசு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது உண்மை. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது அதன் இலக்கு. ஆனால் வாகனங்களுக்கென்று 2025 மார்ச்சில் அனுமதித்த சோதனைத் திட்டங்களில் நாடு முழுவதற்கும் சேர்த்து 37 பஸ், லாரிகளும் 9 பங்க்குகளும்தான். லடாக்கின் லே நகரில் மத்திய அரசின் மின் நிறுவனமான என்.டி.பி.சி. தன் சோலார் கரண்டில் ஹைட்ரஜன் எடுத்து ஐந்து பஸ்களுக்கு நிரப்ப ஒரு நிலையம் கட்டியது. நம் தூத்துக்குடித் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் திறந்த ஹைட்ரஜன் ஆலை மணிக்கு 10 கன மீட்டர் தரும், எடையில் ஒரு கிலோவுக்கும் குறைவு. தெருவிளக்குக்கும் மின்வண்டி சார்ஜ் நிலையத்துக்கும் அது போதும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலோ, ஷெல் நிறுவனம் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் பங்க்குகளை 2024இல் மூடியே விட்டது.

காரணம் எளிது. 55 யூனிட் கொடுத்து எடுத்த ஒரு கிலோவில் இருப்பது 33 யூனிட் சக்தி. அதிலும் ஏறக்குறைய பாதிதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். அதே கரண்டை பேட்டரியில் ஏற்றினால் வண்டி இன்னும் வெகுதூரம் ஓடும். அதனால் கார் பேட்டரிக்கே போகும், நெடுந்தூரம் ஓடும் கனரக வண்டியில் ஹைட்ரஜனுக்கு ஓர் இடம் கிடைக்கலாம் என்பது என் கணிப்பு. வேலை முதலில் வரப்போவது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும் உர ஆலையிலும். இன்றும் ஹைட்ரஜனை டன் கணக்கில் செலவழிப்பவை அவைதான். பங்க்கை மட்டும் நம்பி ஒரு பிள்ளையின் நாலு வருடத்தைப் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் எதைப் படிப்பது? கெமிக்கல், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன். பழைய பெயர்கள்தான். ஹைட்ரஜன் ஆலைக்கு ஆள் எடுக்கும்போதும் இவற்றைத்தான் கேட்பார்கள், ஹைட்ரஜன் தாமதமானால் வேறு ஆலைக்கும் போகலாம். மின்வேதியியல்தான் வேண்டும் என்றால் காரைக்குடியைப் பாருங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சிக்ரி, அங்கே இருக்கிறது. அதன் வளாகத்திலேயே கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் பி.டெக். உண்டு. அண்ணா பல்கலைக்கழகப் பட்டம், கவுன்சலிங் வழியாகவே சேரலாம். விஞ்ஞானிகள் எலக்ட்ரோலைசரும் பேட்டரியும் செய்து பார்க்கும் இடத்திலேயே பாப்பா படிக்கலாம். கட்-ஆஃப் எட்டினால் இதையே முதல் சாய்ஸாகப் போடச் சொல்வேன்.

கடைசி வரியில் மைத்துனர் மகனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்தவனுக்கு இதில் இடமுண்டா என்று. தாராளமாக உண்டு. 2019 ஜூனில் நார்வேயில் ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் ஒரு ஹைட்ரஜன் பங்க் வெடித்தது. விசாரித்ததில், உயர் அழுத்தத் தொட்டியின் மூடியிலிருந்த போல்ட்டுகளைச் சரியான அளவுக்கு முறுக்காமல் விட்டதுதான் காரணம் என்று தெரிந்தது. வாயு கசிந்து தீப்பிடித்துவிட்டது. ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, பகலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது, காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால் போல்ட்டை அளவு பார்த்து முறுக்கும் டார்க் ரென்ச்சை நேர்மையாகப் பிடிக்கத் தெரிந்த ஃபிட்டரும், உயர் அழுத்தக் குழாயை ஒட்டத் தெரிந்த வெல்டரும் இல்லாமல் எந்த பங்க்கும் ஓடாது. அவனை இப்போதே ஏதாவது ஒரு ரசாயன ஆலையிலோ கேஸ் ஆலையிலோ அப்ரன்டிஸாகச் சேரச் சொல்லுங்கள். அழுத்தக் கலன், கசிவுச் சோதனை, வேலை அனுமதிச் சீட்டு, எல்லாம் அங்கே கைக்கு வரும்.

பாப்பாவிடம் நான் கேட்டதாக ஒன்று கேளுங்கள். பிளஸ் டூ லேபில் அவளுக்கு எது பிடித்தது, பிப்பெட்டும் பியூரெட்டுமா, மின்சுற்றும் மீட்டருமா? முன்னதென்றால் காரைக்குடியும் கெமிக்கலும், பின்னதென்றால் எலக்ட்ரிக்கலும் இன்ஸ்ட்ருமென்டேஷனும். அவள் சொல்வதை அப்படியே எழுதி, கட்-ஆஃப் மார்க்கையும் சேர்த்து அனுப்புங்கள். சாய்ஸ் வரிசையை நானே போட்டுத் தருகிறேன். அதுவரை ஏஜென்ட்டிடம் முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம், பாப்பாவின் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டும் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.