பிஷப்பின் அரண்மனையில் பன்னிரண்டு ஏழைகள்

கேள்வி: இங்கிலாந்தில் பிஷப் ஒருவரின் பழைய அரண்மனை ஏழைகள் தங்கும் இல்லமாக மாறியதாமே? அந்த பிஷப்பே மனமுவந்து கொடுத்தாரா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: பிஷப் கொடுக்கவில்லை, அவரிடமிருந்து போய்விட்டது. ரட்லண்ட் பகுதியில் லிடிங்டன் என்று ஒரு சின்ன ஊர், அங்கே தேவாலயத்தை ஒட்டி நிற்கிறது அந்தக் கட்டடம். லிங்கன் நகர பிஷப்பின் மறைமாவட்டம் அந்தக் காலத்தில் ஹம்பர் ஆற்றிலிருந்து தேம்ஸ் ஆறு வரை நீண்டு கிடந்தது. ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டிய வேலை என்பதால் வழியில் அங்கங்கே தங்க மாளிகைகள் வைத்திருந்தார்கள், அதில் இது ஒன்று. எட்டாம் ஹென்றிகூட 1541-இல் வந்து தங்கியிருக்கிறார். மதச் சீர்திருத்தக் கொந்தளிப்பில் 1547-இல் அரசு எடுத்துக்கொள்ள, அப்புறம் அது செசில் குடும்பத்தின் கைக்கு வந்தது. முதலாம் எலிசபெத்தின் முக்கிய அமைச்சர் வில்லியம் செசிலின் மகன் தாமஸ் செசில்தான் 1600 வாக்கில் அதை ஏழைகளுக்கான இல்லமாக்கினார்: பன்னிரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், மேற்பார்வைக்கு ஒருவர்.

மாளிகையில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். மாடியில் உள்ள பெரிய கூடத்தில் மேலே அண்ணாந்து பாருங்கள். சுவரும் கூரையும் சேருகிற விளிம்பு நெடுக, விசிறியை விரித்த மாதிரி அவ்வளவு நுணுக்கமான மரச் செதுக்கல். ஆனால் என் மனம் நிற்பது அங்கே இல்லை, அந்த ஏழைகளுக்கென்று ஒதுக்கிய சின்னச் சின்ன அறைகளில்தான். ஆளுக்கொரு அறை, அதில் ஒரு ஜன்னல், ஒரு கணப்பு. ஒண்ட இடமில்லாமல் அலைந்தவருக்கு, அந்த ஊர்க் குளிரில், தன் கையால் சாத்திக்கொள்ளத் தன் கதவு, தனக்கென்று ஒரு நெருப்பு!

சேர நிபந்தனைகள் இருந்தன. ஆண்களுக்கு வயது முப்பதுக்கு மேல், பெண்களுக்கு நாற்பத்தைந்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். மனநோய், தொழுநோய், 'பிரெஞ்சு நோய்' என்று அவர்கள் சொன்ன மேகநோய், இவை எதுவும் இருக்கக் கூடாது. இது எனக்கு வருத்தம்தான், யாரும் அண்டவிடாமல் விரட்டியது அந்த நோயாளிகளைத்தானே, அவர்களுக்கு இங்கேயும் கதவு திறக்கவில்லை.

கேள்வி: அதை ஏன் 'பீட் ஹவுஸ்' என்கிறார்கள்?
- அதே வாசகி

பதில்: பழைய ஆங்கிலத்தில் 'பீட்' என்ற சொல்லுக்கு ஜெபம் என்று பொருள். ஜெபமாலையில் மணியை உருட்டி உருட்டி எண்ணியதால், நாளடைவில் ஆங்கிலத்தில் மணிக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. இங்கே தங்கியவர்கள் 'ஜெபக்காரர்கள்'. தங்கவைத்த புரவலருக்காக ஜெபிப்பது அவர்கள் கடமை, காசு வாடகை கிடையாது. 1930-கள் வரை ஆட்கள் அங்கே குடியிருந்திருக்கிறார்கள். இப்போது பழைய கட்டடங்களைக் காக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம்.