பரணில் கிடைத்த படச்சுருள்: ஓட்டிப் பார்க்கலாமா?

கேள்வி: எங்கள் தாத்தா தலவாக்கலைப் பக்கம் துரை பங்களாவில் அப்புவாக இருந்தவர். லயத்துப் பரணில் இருந்த அவருடைய பெட்டியில் ஒரு படச்சுருள் கிடைத்தது. வெளிச்சத்தில் பிடித்தால், மீசைக்காரர் ஒருவர் ஏணியிலிருந்து விழுகிறார். தொலைந்துபோன ஊமைப்படமாக இருக்குமா? புரொஜெக்டரில் ஓட்டலாமா?

பதில்: ஓட்டவே வேண்டாம். பழைய பிலிம் சுருங்கியிருக்கும். புரொஜெக்டரின் பற்கள் துளைகளைக் கிழித்துவிடும். முதலில் பிள்ளைகளின் அடிமட்டத்தால் அகலத்தை அளந்து பாருங்கள்.

மூன்றரை சென்டிமீட்டர் என்றால் கவனம். 1950 வரை தியேட்டர் பிலிம் பெரும்பாலும் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் ரகம். தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். ஓரத்தில் ஆங்கிலத்தில் 'சேஃப்டி' (எளிதில் தீப்பற்றாத ரகம்) என்று இருந்தாலும் முழுதாக நம்பாதீர்கள், பிரதி எடுக்கும்போது மூலத்தின் ஓர எழுத்தும் சேர்ந்து பதிவதுண்டு. நெருப்பு வைத்துப் பார்க்கும் சோதனை வேண்டவே வேண்டாம். பரண் அடுப்புக்கு மேலே இருந்தால் இன்றைக்கே இறக்கி, வீட்டுக்கு வெளியே நிழலான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். மலைநாட்டுக் குளிர் பிலிமுக்கு நல்லது, பனி ஈரம்தான் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். பிசுபிசுப்போ பழுப்புத் தூளோ தெரிந்தால் கையே வைக்காதீர்கள். பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோவதும் கூடாது.

ஒன்றரைக்குச் சற்று மேல் என்றால் அது 16 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, துளை நடுவில் இருக்கிறது என்றால் 1922இல் வந்த பதே பேபி. இரண்டும் வீட்டில் ஓட்டுவதற்கான பிலிம், நைட்ரேட் பயம் இல்லை. புளித்த வினிகர் வாடை வந்தால் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

சரி, அபூர்வமா? மீசையை வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் கால நகைச்சுவை நடிகர்களில் பாதிப் பேர் ஒட்டுமீசைக்காரர்கள். வீட்டுக்கென்று வெட்டிச் சுருக்கி விற்ற பிரதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சாப்ளின் போலீஸ்காரராகத் தலைகாட்டும் 1914ஆம் ஆண்டுப் படம் 'எ தீஃப் கேச்சர்' 2010இல் வெளிப்பட்டது, அமெரிக்காவின் மிச்சிகனில் பழம்பொருள் விற்பனையில் வாங்கிய 16 மில்லிமீட்டர் பிரதியில்தான். நகைச்சுவை இரட்டையர் லாரல் ஹார்டியின் 1927ஆம் ஆண்டு 'பேட்டில் ஆஃப் த செஞ்சுரி'யில், 'பை' என்னும் பலகாரத்தை ஒருவர்மேல் ஒருவர் வீசும் இரண்டாம் ரீல் 2015இல், ஒரு சேகரிப்பாளர் விட்டுச்சென்ற குவியலில் அகப்பட்டது. 1927இலேயே வந்த அவர்களுடைய 'ஹேட்ஸ் ஆஃப்' மட்டும் இன்னும் சிக்கவில்லை.

அடையாளம் காண, பிலிம் நல்ல நிலையில் இருந்தால், தொடக்கத்தில் சில அடி மட்டும் பிரியுங்கள். போன் திரையை வெள்ளையாக ஒளிர விட்டு, அதன்மேல் பிலிமைப் பிடித்து இன்னொரு போனால் படம் எடுங்கள். முகங்கள், எழுத்து அட்டைகள், ஓரத்து வட்டம், சதுரம், முக்கோணம் எல்லாமே வேண்டும். அந்த ஓரத்து வடிவங்கள் பிலிம் தயாரித்த கொடாக் நிறுவனத்தின் ஆண்டுக் குறிகள்; 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும், பிலிம் தயாரான ஆண்டைத்தான் காட்டும், படம் எடுத்த ஆண்டை அல்ல. இந்தப் படங்களை முதலில் இந்தியாவில் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். சுருளைக் கேட்டு யார் வந்தாலும் எழுத்தில் ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள்.