ஆய்வு மாணவர்கள் கேட்டவை

நெறியாளராகப் பல ஆண்டுகள் இருக்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் கேட்ட சிலவற்றுக்கு என் பதில்.

கேள்வி (அரூர்): நடுகற்கள் பற்றி ஆய்வு செய்கிறேன். களப்பணிக்கு அப்பாதான் வண்டியில் கூட்டிப்போவார். அவர் இறந்து நான்கு மாதம். குறிப்பேட்டைத் திறந்தாலே அழுகை வருகிறது. கொஞ்சம் வேலை ஓடினால், அப்பாவை மறந்துவிட்டேனோ என்று உறுத்துகிறது.

பதில்: தம்பி, நான்கு மாதம் ரொம்பக் குறைவு. என் அம்மாவின் காரியம் முடிந்து வகுப்புக்குப் போன அன்று, கரும்பலகையில் தேதி எழுதும்போதே கை நின்றுவிட்டது. துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வேலையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவார், அப்படித்தான் தேறுவார் என்று உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷுட்டும் 1999இல் எழுதினார்கள். ஒரு மணி நேரம் வேலை ஓடியது மறதி இல்லை. செத்தவனுக்கு நட்ட கல்லை வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிற ஊர் நம்முடையது. கும்பிட்டுவிட்டுத்தானே காட்டு வேலைக்கும் போகிறார்கள்? இப்போதைக்குப் புதிதாக எழுத வேண்டாம். எடுத்த படங்களுக்கு ஊர்ப் பெயர் போடுங்கள், கல்வெட்டு வாசகங்களைத் தட்டச்சு செய்யுங்கள். அடுத்த களப்பணிக்குத் தனியாகப் போகாதீர்கள். ஒரு நண்பரைக் கூட்டிப்போங்கள். கைடிடம் அப்பா இறந்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி (ஓசூர்): என்னோடு சேர்ந்தவள் மூன்று கட்டுரை போட்டுவிட்டாள். எனக்கு ஒன்றுகூட இல்லை, மேடம்.

பதில்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 முனைவர் பட்ட விதிகளில் கட்டுரை வெளியிடுவது கட்டாயம் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். பட்டத்தை முடிக்கக் காலமும் ஆறு ஆண்டுவரை உண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு, பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு. அவசரத்தில் காசு வாங்கிப் போடும் இதழ்களிடம் மட்டும் போய்விடாதீர்கள்.

கேள்வி (ஊத்தங்கரை): வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. கருத்தரங்கில் தவறிப்போய் நுழைந்தவள் போலக் கூசுகிறது.

பதில்: சாதித்த பெண்களிடமே இந்த எண்ணம் இருப்பதை உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸும் சூசன் ஐம்ஸும் 1978இல் பதிவு செய்தார்கள். ஆனால் கண்ணு, எல்லாம் உன் மனசு மட்டும் இல்லை. தமிழ்வழியில் படித்தவளை ஆங்கிலத்திலேயே பேச வைக்கும் அரங்கு அது. முதல் இரண்டு நிமிடப் பேச்சை எழுதி, உரக்கப் படித்துப் பழகு.

கேள்வி (ஊர் வேண்டாம்): தூக்கமே இல்லை. இருந்து என்ன என்று தோன்றுகிறது.

பதில்: தீசிஸ் கிடக்கட்டும். இப்போதே 14416க்குப் பேசுங்கள். அது டெலி மனாஸ், அரசின் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, இரவிலும் தமிழில் பேசலாம். இன்றிரவு தனியாகப் படுக்காதீர்கள், வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள். காலையில் அவரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள்.