டிரைசூட்டுக்குள்ளே என்ன போடுவது? கேள்வி பதில்

ஐஸ்லாந்தில் சில்ஃப்ரா பிளவுக்கு டைவிங் போகக் கிளம்பும் நண்பர்கள் கேட்டவை இவை. அங்கே தண்ணீர் வருடம் முழுக்க 2 முதல் 4 டிகிரிதான். அதனால் தண்ணீர் புகாத டிரைசூட் உடையும், அதன் அடியில் தெர்மல் என்ற கதகதப்பான உள்ளுடையும் போட்டு இறங்குவார்கள்.

கேள்வி: டிரைசூட்டில் தண்ணீரே புகாதே, தெர்மல் எதற்கு?

தண்ணீர் புகாது, குளிர் புகும். நியோப்ரீன் என்ற நுரை ரப்பர் சூட் ஓரளவு குளிரைத் தானே தாங்கும். டிரைலாமினேட் என்ற மெல்லிய அடுக்குத் துணி சூட் வெறும் மழைக்கோட்டு மாதிரி. உடம்பின் வெப்பத்தைக் காப்பது தெர்மல் துணி இழைகளுக்கு நடுவே நிற்கும் காற்று. ஆழம் போகப்போக சூட் உடம்போடு ஒட்டி அந்தக் காற்றை நசுக்கும். மார்பில் உள்ள வால்வை அழுத்திச் சூட்டுக்குள் கொஞ்சம் காற்று விடவேண்டும். பலர் இதில் கஞ்சத்தனம் பண்ணிவிட்டுத் தெர்மலைத் திட்டுகிறார்கள்.

கேள்வி: அண்ணா, அடியில் பருத்தி பனியன் போதுமா?

வேண்டாம் தம்பி. நானே பட்டிருக்கிறேன். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நடந்ததில் முதுகு வேர்த்துவிட்டது. பருத்தி அதைக் குடித்து வைத்துக்கொண்டது. தண்ணீருக்குள் 20 நிமிடம் போனதும் யாரோ ஈரத்துண்டை முதுகில் போர்த்தியது போல இருந்தது. உடம்போடு ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி, அதன்மேல் ஃப்ளீஸ் அல்லது தின்சுலேட் (மெல்லிய செயற்கை இழைப் பஞ்சு) வைத்த முழு உடை. சில்ஃப்ராவுக்கு இது சரியாக இருக்கும். டிரைசூட்டின் ஜிப்பைக் கடைசி நிமிடத்தில் பூட்டுங்கள்.

கேள்வி: நான் குளிர் தாங்கமாட்டேன். மூன்று ஃப்ளீஸ் போடலாமா?

போடலாம், கை கால் அசைந்தால். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு குந்தி உட்காருங்கள். அப்புறம் கையைப் பின்னால் கொண்டுபோய் சிலிண்டர் வால்வைத் தொட்டுப் பாருங்கள். எட்டவில்லையா, ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். உள்ளே காற்று கூடினால் மூழ்குவதற்கு இடுப்பில் கட்டும் ஈய எடையும் கூடும். எடை போதுமா என்று பார்க்க, சிலிண்டரில் 50 பார் அழுத்தக் காற்று மீதி இருக்கும்போது 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிறதா என்று முன்கூட்டியே சோதியுங்கள்.

கேள்வி: இரண்டு ஜோடி சாக்ஸ்?

பூட்ஸுக்குள் விரல் ஆடினால் சரி. இறுகினால் ஒன்றைவிட இரண்டில்தான் அதிகம் குளிரும்.

கேள்வி: மணிக்கட்டில் எப்போதும் ஒழுகுகிறது. சீல் (தண்ணீரைத் தடுக்கும் இறுக்கமான பட்டை) கெட்டுவிட்டதா?

முதலில் தெர்மலின் கை விளிம்பைப் பாருங்கள். சீலுக்கு அடியில் ஒரு நூல் மாட்டினாலே தண்ணீர் அதன் வழியே ஏறும்.

கேள்வி: பேட்டரியில் சூடாகும் வெஸ்ட் வாங்கலாமா?

அரைமணி நேர டைவுக்குத் தேவையில்லை. நீண்ட டைவில் போட்டாலும் அதை நம்பித் தெர்மலைக் குறைக்காதீர்கள். அடியில் கதகதப்பாக இருந்து, மேலே வரும்போது பேட்டரி செத்துக் குளிர்ந்துபோனால் உடம்பிலிருந்து நைட்ரஜன் வெளியேறுவது மந்தமாகும். டிகம்ப்ரஷன் நோய்க்கு (உடம்பில் தேங்கிய நைட்ரஜன் குமிழாகித் தரும் கோளாறு) அது தோதான நிலைமை.

கேள்வி: டிரைமிக்ஸ் (ஹீலியம் கலந்த சுவாச வாயு) சிலிண்டரிலிருந்தே சூட்டுக்குக் காற்று விடலாமா?

கூடாது. ஹீலியம் காற்றைவிட ஏறக்குறைய 6 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். சூட்டுக்குத் தனியாகச் சின்ன சிலிண்டர் வையுங்கள்.

கேள்வி: தெர்மலைத் துவைப்பது எப்படி?

லேசான சோப்பு, குளிர்ந்த தண்ணீர். துணி மென்மையாக்கும் திரவம் மட்டும் வேண்டாம். அது இழைமேல் படிந்தால் வேர்வையை வெளியே கடத்தாது.