சோக்கில் பிடித்து உடனே நிற்கும் புல்லு மெசின்

கேள்வி: திருகோணமலை நிலாவெளியில் ஒன்றரை ஏக்கர் தென்னந்தோட்டம். அடிப்புல்லை வெட்டி மாட்டுக்குப் போட, தள்ளிக்கொண்டு போகும் நாலு சில்லுப் பெற்றோல் மெசின் வைத்திருக்கிறேன். ஆனி மாதம்தான் கடைசியாக வெட்டினேன். இப்போது மழை தொடங்கி, புல்லு முழங்கால் மட்டும் வந்துவிட்டது. முப்பது தரம் கயிறு இழுத்தாலும் ஸ்டார்ட் இல்லை. சோக் போட்டால் சில நேரம் பிடிக்கும், எடுத்ததும் நின்றுவிடும். புது பிளக்கும் போட்டுப் பார்த்தேன். கராஜில் பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா ஐயா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. சோக் போட்டால் பிடிக்கிறது, எடுத்தால் நிற்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அரைவாசி விடை அதற்குள்ளேயே இருக்கிறது. சோக் செய்வது என்ன, காற்றை அடைத்துப் பெற்றோலைக் கூடுதலாக இழுக்க வைப்பது. அந்த இழுவை இருக்கும்வரை ஓடுகிறது என்றால் தீப்பொறி வருகிறது, கொம்பிரஷனும், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தமும், ஓரளவுக்கு இருக்கிறது, பெற்றோல்தான் போதிய அளவு உள்ளே போகவில்லை. அதனால்தான் புது பிளக் போட்டும் பயனில்லை. பழைய பிளக்கை எறியாதீர்கள், துடைத்து வையுங்கள்.

ஆனியில் ஊற்றிய பெற்றோல் இன்னும் டாங்கியில் கிடக்கிறதா? கிடக்கும் என்றுதான் நினைக்கிறேன். பெற்றோலில் லேசாக ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த எஞ்சினைப் பிடிக்க வைக்கும், முதலில் பறந்து போவதும் அதுதான். ஆடி ஆவணி வெயிலும் கச்சான் காற்றும் சேர்ந்து அடிக்கிற எங்கள் பக்கத்தில், தகரக் கொட்டிலுக்குள் நாலு மாதம் நின்ற மெசினில் மிஞ்சுவது பெற்றோல் என்ற பெயரில் ஒரு பிசின். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற பிறகு, கலனில் வாங்கி மூலையில் ஒளித்து வைக்கும் பழக்கம் பலரிடம் ஒட்டிக்கொண்டது. குற்றம் சொல்ல முடியாது, ஆனால் மெசினுக்கு ஒரு மாதத்துக்குக் காணக்கூடிய அளவு மட்டும் போதும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள், வெட்டும் அலகுக்குக் கிட்ட கை போகிற எந்த வேலைக்கும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், வெளியில் காற்றோட்டமாக வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம். டாங்கியில் இருப்பதை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாக இறங்கி நிற்கும். வார்னிஷ் மாதிரிப் புளித்த மணம் வந்தால் வேறு சோதனையே தேவையில்லை. அந்தப் பெற்றோலைப் புல்லில் ஊற்றிவிடாதீர்கள், மாடு மேய்கிற இடம்.

அப்புறம் காபரேட்டரின் அடியில் சின்னக் கிண்ணம் ஒன்று, நடுவில் ஒரு போல்ட், பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பானர் பிடிக்கும். பெற்றோல் குழாயைப் பூட்டிவிட்டுக் கழற்றுங்கள். கிண்ணத்தின் அடியில் மஞ்சளாகவோ பச்சையாகவோ பசை படிந்திருக்கும், கடற்கரைத் தோட்டம் என்பதால் வெள்ளைப் பொடியும் இருக்கலாம். பெற்றோலை அளந்து விடும் நுண்துளைத் திருகுக்குத்தான் ஜெட் என்று பெயர். சில மெசின்களில் அந்தப் போல்ட்டே ஜெட், அதன் குறுக்கே துளை இருக்கும். மற்றவற்றில் மேலே நடுக்குழாய்க்குள் பித்தளைத் திருகாக இருக்கும். கழற்றி வெயிலுக்கு நேரே பிடியுங்கள், ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உங்கள் முப்பது இழுப்புக்கும் காரணம் அதுதான். காபரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிட்டு, மின்வயரில் இருந்து செம்பு இழை ஒன்றை உருவி மெதுவாகக் குத்துங்கள். ஊக்கு, ஆணி வேண்டாம், துளை பெரிதானால் பிறகு கரும்புகைதான். கிண்ணத்தின் றப்பர் வளையத்தில் கிளீனர் படக்கூடாது, ஊதிப் பெருத்துத் திரும்பப் பொருந்தாது. எல்லாவற்றையும் மாட்டி, பிளக் வயரையும் திரும்பப் போட்டு, புதுப் பெற்றோல் ஊற்றி இழுங்கள். எழுதியதை வைத்துப் பார்த்தால் இத்தோடு பிடித்துவிடும்.

பிடித்து ஐந்து பத்து நிமிடத்தில் நின்றால் டாங்கி மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள், ஓடினால் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. எயார் பில்டர் கடதாசி என்றால் தட்டுங்கள், ஸ்பொஞ்ச் என்றால் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவிட்டு லேசாக ஒயில் தடவுங்கள்.

பிறகு பிளைவீல், எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரம். கடல் ஒரு எட்டில் இருப்பதால் கயிற்று மூடியைக் கழற்றினால் பிளைவீல் காந்தத்திலும், பக்கத்தில் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலின் கால்களிலும் துரு பிடித்திருக்கும், மெல்லிய அரத்தாளால் தேய்த்தால் போதும். கொயிலைக் கழற்றினால் திரும்பப் பூட்டும்போது இடையில் ஒரு விசிட்டிங் கார்ட் தடிப்புக்கு இடைவெளி விடுங்கள், கலியாண அழைப்பிதழ் அட்டை தடிப்புக்கு அல்ல.

ஒரு விஷயம் நீங்கள் எழுதவில்லை. கடைசியாக வெட்டும்போது அலகு தென்னங்கட்டையிலோ வேரிலோ மோதியதா? கயிறு இழுக்கும்போது திருப்பி வெடுக்கென்று கையை இழுக்கிறதா? அப்படியென்றால் பிளைவீலைத் தண்டோடு பிடிக்கும் சின்னக் கீ பாதி அறுந்து, தீப்பொறி தப்பான நேரத்தில் விழக்கூடும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதலில் அலகின் போல்ட்டை இறுக்கிப் பாருங்கள், அலகு தளர்ந்திருந்தாலும் கயிறு இப்படி வெட்டும். அதற்காக மெசினைச் சரிக்கும்போது எயார் பில்டர் இருக்கும் பக்கம் மேலே இருக்க வேண்டும், மாறிச் சரித்தால் ஒயில் சிலிண்டருக்குள் இறங்கி வேறு வருத்தம் தொடங்கும். அலகு இறுக்கமாக இருந்தும் கயிறு வெட்டினால் பிளைவீலைக் கழற்றத்தான் வேண்டும், அதைப் புல்லர் என்ற இழுவைக் கருவி போட்டுக் கழற்றுகிற மெக்கானிக்கிடம் விடுங்கள், சுத்தியலால் அடிக்காதீர்கள். கீயின் விலை சொற்பம். ஆனால் இனி அறுந்துவிடக் கூடாது என்று இரும்பு ஆணியைச் செருகித் தருபவரிடம் மெசினைக் கொடுக்காதீர்கள். கட்டையில் மோதினால் கீ அறுந்து நடுத்தண்டைக் காப்பாற்றட்டும் என்றுதான் அதை மெல்லிய உலோகத்தில் செய்கிறார்கள்.

மாட்டுக்கு என்றதால் இதையும் சொல்கிறேன், மெசினில் வெட்டிய புல்லுப் பொடியைக் குவித்து வைக்காதீர்கள், சில மணி நேரத்தில் சூடேறிப் புளித்துவிடும். அன்றன்றே பரப்பிப் போடுங்கள், முழங்கால் உயரப் புல்லை முதல்தரம் கத்தியால் வெட்டிவிடுவது மெசினுக்கும் நல்லது.

இவ்வளவும் செய்தும் ஜெட் துளை திறக்கவில்லை, உள்ளே அலுமினியம் அரித்துக் குழி விழுந்திருக்கிறது என்றால் கராஜில் சொன்னபடி மாற்றிவிடுங்கள். கடைக்குப் பழைய காபரேட்டரைக் கையோடு கொண்டுபோங்கள், படத்தைக் காட்டி வாங்கினால் போல்ட் துளை பொருந்தாமல் இரண்டாம் தரமும் பஸ் ஏற வேண்டி வரும்.