டிரை சூட் போட்டு டைவ் செய்யும் பெண்கள், நடுவில் ஒண்ணுக்கு வந்தால் என்ன செய்வார்கள்?

கேட்டிருப்பவர் குளிர்நாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கும் ஒரு பெண். உள்ளே தண்ணீர் புகாத உடையான டிரை சூட்டில் ஸ்கூபா கற்க ஆசை, ஆனால் இதை மட்டும் யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறார். என்னிடம் கூச்சப்பட வேண்டாம் தங்கச்சி. எனக்கு ஊர் கடியப்பட்டணம், வேலை அயர்லாந்தில் நர்ஸ். ஆறு வருஷமாக அங்கே டிரை சூட்டில்தான் டைவ் செய்கிறேன்.

நம்ம ஊர்க் கடலில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. முட்டத்துப் பாறைகளில் சிப்பி எடுக்க மூழ்குகிற பையன்களுக்கு ஒரு கண்ணாடியும் நிக்கரும் போதும். வெட் சூட் போட்டால்கூட உள்ளே தண்ணீர் இருக்கத்தான் செய்யும். அதிலேயே போய்விட்டுக் கரையேறி அலசிவிடலாம். டிரை சூட்டில் கழுத்தையும் மணிக்கட்டையும் ரப்பர் இறுக்கிப் பிடித்திருக்கும், காலோடு பூட்ஸ் சேர்ந்தே இருக்கும். உள்ளே போடுகிற கம்பளி உடை காய்ந்திருக்கும் வரைதான் உடம்பில் சூடு நிற்கும். என் மூன்றாவது டைவில் அடக்க முடியாமல் அப்படியே போய்விட்டது. முதலில் தொடை வழியே வெதுவெதுப்பாக இறங்கியது. பத்து நிமிஷத்தில் பூட்ஸுக்குள் பாதம் விறைத்துப்போனது. அன்று கடல் 9 டிகிரி.

தண்ணீரில் இறங்கினதும் ஏன் இப்படி முட்டிக்கொண்டு வருகிறது என்றால், கை கால்களில் இருக்கிற ரத்தத்தைத் தண்ணீரின் அழுத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளுகிறது. குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் இன்னும் கொஞ்சம் உள்ளே வருகிறது. உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயம் நினைத்துக்கொண்டு, சிறுநீரகத்துக்கு வெளியேற்றச் சொல்லிவிடுகிறது. நீங்கள் எவ்வளவு மனதைத் திடப்படுத்தினாலும் இது நடக்கும்.

சரி, அப்படியானால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது, ஏனென்றால் அப்படித்தான் வளர்ந்தேன். அம்மா அலுமினியச் சருவத்தில் மீன் சுமந்து திங்கள்சந்தைக்குப் போவாள். விடியலில் ஒரு கட்டன் சாயா, அதற்குப் பிறகு மத்தியானம் வீடு திரும்பும்வரை சொட்டுத் தண்ணீர் கிடையாது. "தண்ணி குடிச்சா எங்கன போய் ஒதுங்குவேன் மக்ளே?" என்பாள். மாசம் தவறாமல் நீர்க்கடுப்பு வந்து, சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள். அந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து கடலுக்குள் கொண்டுபோகாதீர்கள். உடம்பில் நீர்ச்சத்து குறைந்தால், மேலே வரும்போது ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழ்விட்டு வருகிற நோய்க்கு வாய்ப்பு கூடும் என்றுதான் டைவிங் மருத்துவம் எச்சரிக்கிறது. தண்ணீர் குடியுங்கள். வெளியேற வழியை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

தொடக்கத்துக்கு டயப்பர் போதும். பெரியவர்களுக்கானது, ஜட்டி மாதிரி இழுத்துப் போடுகிற வகை. நாகர்கோவிலில் ஒரு மெடிக்கலில் வாங்கும்போது "பாட்டிக்கா?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் பேப்பரில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுத் தந்தார்கள். எனக்குத்தான் என்று சொல்லியே வாங்கினேன். 40, 45 நிமிஷ டைவை இது தாங்கும். தொடையோரத்து மடிப்பை வெளிப்பக்கமாக இழுத்துவிடுங்கள். தலைகீழாக இருக்கும்போது போகாதீர்கள். சூட் உடம்பை நெருக்கிக்கொண்டிருந்தால் முதலில் அதற்குள் கொஞ்சம் காற்றை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பிழிந்துவிடும். ஒரேயடியாக விடாமல் விட்டுவிட்டுப் போனால் உறிஞ்ச நேரம் கிடைக்கும்.

இதில் உண்மையான சிக்கல் வேறு. துணியோடு போக உடம்பு சம்மதிக்காது. மூன்று வயதிலிருந்து கூடாது கூடாது என்று பழக்கி வைத்திருக்கிறோமே! ஆஸ்பத்திரியில் பெட்பேன் வைத்தால் எத்தனை நோயாளிகள் முட்டிக்கொண்டு இருந்தும் போக முடியாமல் அழுகிறார்கள், தினம் பார்க்கிறேன். அதனால் வீட்டில் பழகுங்கள். நான் குளியலறையில் டயப்பரோடு நின்று, குழாயைத் திறந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். நாலாம் நாள்தான் வந்தது.

இரண்டு டைவுக்கு நடுவே படகில் போக, நின்றபடி பயன்படுத்தும் சிலிக்கான் புனல் இருக்கிறது. சூட்டின் ஜிப் அதற்குத் தோதாக இருந்தால்தான் உதவும்.

நீண்ட டைவ் செய்கிறவர்கள் ஷீ-பி வாங்குகிறார்கள். ஆண்கள் ஆணுறை மாதிரி ஒன்றை மாட்டி, சூட்டின் தொடைப் பக்கம் இருக்கும் பி-வால்வ் என்கிற சிறுநீர்த் திறப்பு வழியே கடலுக்குள்ளேயே விடுவார்கள். ஷீ-பி அதற்குப் பெண்களின் மாற்று. சிலிக்கான் கிண்ணம், தோலில் ஒட்டுகிற மருத்துவப் பசை, அங்கிருந்து வால்வுக்கு ஒரு குழாய். ஒட்டுகிற இடத்தில் முடியை மழித்து, எண்ணெய்ப்பசை இல்லாமல் கழுவிக் காயவைத்து, அவசரமில்லாமல் ஒட்ட வேண்டும். புறப்படும் அவசரத்தில் ஒட்டினால் பிய்ந்துகொள்ளும். குழாய் எங்கும் மடங்கியிருக்கக் கூடாது, முக்கித் தள்ளவும் கூடாது. ஆழம் போகப்போகக் குழாயில் உள்ள காற்று சுருங்கிக் கிண்ணம் தோலை உறிஞ்சி இழுக்கும், வலிக்கும். அழுத்தத்தைத் தானே சமன்செய்யும் வால்வ் என்றால் இந்தத் தொல்லை குறைவு. சாதா வால்வ் என்றால் இறங்கின உடனே கொஞ்சம் போய்க் குழாயை நிரப்பிக்கொள்ளுங்கள். நான் இதற்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மாதவிடாய் நாட்களில் மட்டும் கப் வைத்துக்கொண்டு பழையபடி டயப்பர்தான்.

எதுவுமே இல்லாத நாளில் அடக்க முடியவில்லை என்றால் சூட்டுக்குள்ளேயே போய்விடுங்கள். அதற்காக வேகமாக மேலே ஏறாதீர்கள், மேலே வரும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டிய 3 நிமிஷத்தை விடாதீர்கள். நனைந்த உடையைத் துவைத்துக்கொள்ளலாம்.

கரையேறினதும் டயப்பரை உடனே மாற்றி, அடுத்ததைப் போடுமுன் தோலைக் கழுவித் துடைத்துக் கிரீம் தடவுங்கள். ஷீ-பி ஒட்டுகிற நாளில் மட்டும் கிரீம் கூடாது. பி-வால்வையும் குழாயையும் கிருமிநாசினி விட்டு அலசி நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரக் குழாயில் கிருமி வளர்ந்தால் அது மேலேறி வருவது உங்களிடம்தான். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் அன்று டைவ் வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.