நாற்காலியில் தூக்கி ஆடும் அந்த யூத ஆட்டத்துக்கு என்ன பெயர்?

கேள்வி: நியூயார்க்கில் என்னோடு வேலை பார்க்கும் தோழியின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மணமக்களை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு, சுற்றிலும் ஆணும் பெண்ணுமாகக் கைகோத்து ஆடினார்கள். வீடியோவுக்கு 'யூதர்களின் பாரம்பரிய நடனம்' என்று தலைப்புப் போடலாமா? 'ஹவா நகிலா நடனம்' என்றும் சிலர் சொல்கிறார்களே?

பதில்: 'யூதத் திருமணத்தில் ஹோரா' என்று போடுங்கள். அமெரிக்க யூதர்கள் அந்த வட்ட ஆட்டத்தை ஹோரா என்றுதான் சொல்கிறார்கள். 'ஹவா நகிலா' பாட்டின் பெயர். ஹசிதியர் என்ற ஆசாரமான பக்தி இயக்கத்து யூதர்களின் பழைய மெட்டு ஒன்றில் 20-ஆம் நூற்றாண்டில் எபிரேய வரிகளைப் பொருத்திய பாட்டு அது. வேறு பாட்டுக்கும் ஹோரா ஆடுவார்கள்.

'பாரம்பரிய நடனம்' என்று மொட்டையாகப் போடுவதில்தான் எனக்குத் தயக்கம். 'இந்தியப் பாரம்பரிய நடனம்' என்று போட்டால் எது என்று கேட்போம் இல்லையா? பல நாடுகளில் வாழ்ந்த யூதர்களுக்கும் ஒரே நடனம் கிடையாது.

ஹோராவையே பாருங்கள். ருமேனியா, பல்கேரியா பக்கத்துக் கிராம மக்களின் வட்ட ஆட்டம் அது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பாலஸ்தீனத்துக்குக் குடியேறிய யூத இளைஞர்கள் அதைத் தங்களோடு கொண்டுபோனார்கள். 1924-ல் பாருக் அகடாத்தி என்ற நடனக் கலைஞர் மேடைக்காக ஒரு ஹோராவை வடிவமைத்தார். அது 'ஹோரா அகடாத்தி' என்ற பெயரில் இன்றும் ஆடப்படுகிறது. 1937-ல் நஆன் என்ற கிப்புட்ஸில் (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில்) தண்ணீர் கிடைத்ததைக் கொண்டாட 'மாயிம் மாயிம்' என்ற நடனம் பிறந்தது. 1944-ல் குரித் காட்மன் என்ற நடன ஆசிரியை முன்னின்று டாலியா கிப்புட்ஸில் நடன விழா நடத்தினார். ஏமன் யூதர்களின் அடவும் அரபு மக்களின் தப்கே என்ற குழு ஆட்டமும் இந்தப் புது நடனங்களில் கலந்தன. இந்த வகைக்கு 'இஸ்ரேலிய நாட்டுப்புற நடனம்' என்ற பெயரே சரி. நாட்டுப்புறம் என்றாலும் பலவற்றுக்கு அமைத்தவர் பெயர், ஆண்டு எல்லாம் உண்டு என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

கிழக்கு ஐரோப்பாவில் யித்திஷ் பேசிய யூதர்களின் கல்யாண ஆட்டங்கள் வேறு. ஃப்ரைலெக்ஸ் துள்ளலான வட்ட ஆட்டம். ஷெர் நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடுவது. வாசிப்பது கிளெஸ்மர் இசை. இங்கே ஒரு குழப்பம் வரும்: பழைய பாணி கிளெஸ்மர் கலைஞரிடம் வெறுமனே 'ஹோரா' கேட்டால், நொண்டி நடப்பது போன்ற மெதுவான மூன்று தட்டு மெட்டை வாசிக்கக்கூடும். அதுவும் ஹோராதான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நின்றால் கை வலிக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு வீடியோவுக்குத் தலைப்பு வைக்கும்போது யார் யாரோடு ஆடுகிறார்கள் என்று பாருங்கள். ஆசாரமான குடும்பங்களில் ஆண்களும் பெண்களும் தனித்தனியாகத்தான் ஆடுவார்கள். ஹசிதியக் கல்யாணத்தில் இரவு வெகுநேரம் கழித்து, மணப்பெண் ஒரு நீளத் துணிப்பட்டையின் முனையைப் பிடித்திருக்க, ரபியோ (யூத மதகுருவோ) உறவினரோ மறுமுனையைப் பிடித்து ஆடினால் அது 'மிட்ஸ்வா டான்ஸ்'. அதை ஹோரா என்று போட்டுவிடாதீர்கள். அப்புறம், பொதுவில் போடும் முன் அந்தக் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.